வயிறு ஒட்டிய லாரி

“எங்க அண்ணன் பொய் சொல்றாரா, என் வீட்டுக்காரர் பொய் சொல்றாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கக்கா. அது போதும் எனக்கு.”

உட்காரக்கூட இல்லை அந்தப் பெண். வாசலில் நின்றபடியே கேட்டாள். துப்பறியும் தொழிலில் அக்காவிடம் இதுவரை பலர் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். ஓடிப்போனவன் எங்கே, ஒளித்து வைத்தது எது, கூட இருந்தது யார். ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை நிறுத்தி, பொய்யனைப் பொறுக்கிக் கொடு என்று யாரும் கேட்டதில்லை.

அக்கா கொட்டாவி விட்டாள்.

அவளுக்கு வெளியே ‘கொட்டாவி அக்கா’ என்றுதான் பெயர். நேரில் பார்த்தால் வெறும் அக்கா. எதிரில் இருப்பவர் உயிரைக் கொடுத்துப் பேசும்போது வாயைப் பிளப்பது மரியாதை இல்லைதான். ஆனால் அலுத்துப்போய்க் கேட்கிறவரிடம் பொய் சொல்ல யாருக்கும் உற்சாகம் வருவதில்லை என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தவிர, அலுப்பும் நிஜம்தான். அடுத்தடுத்து வந்த வழக்குகளில் முதுகு விட்டுப்போயிருந்தது.

“உட்காருங்கம்மா. நின்னுட்டு வந்தா இங்க டிக்கெட் குறையாது” என்றான் கண்டக்டர்.

அவன் அக்காவின் உதவியாளன். முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பயணிகளைக் கிண்டல் செய்தே வேலையைத் தொலைத்தவன். வேலை போனது, வாய் போகவில்லை.

அந்தப் பெண் உட்கார்ந்து சொன்ன கதை இது. அவளுடைய அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு பழைய லாரி. அதை ஓட்டுவது அவளுடைய கணவன். கொஞ்ச காலமாக லாரி பாதி வழியில் நின்றுவிடுகிறது. போன வாரம் கண்ணாடி லோடு ஏற்றிக்கொண்டு மேட்டு ரோட்டில் ஏறும்போது இஞ்சின் அணைந்து, பாரத்தை பிரேக் தாங்காமல் லாரி பின்னால் உருண்டு, எடைமேடைச் சுவரில் இடித்தது. லோடு முழுக்கத் தூள். எடை போடுகிறவர் நாற்காலியை விட்டுக் குதித்ததால் பிழைத்தார்.

“டிரைவர் தூங்கிட்டான்னு அண்ணன் சொல்றார். நாளைக்குக் காலையில ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விசாரணை. அங்க போய் அதையே சொல்லப் போறார். சொன்னா லைசென்ஸ் போயிடும்கா. வேற தொழில் அவருக்குத் தெரியாது.”

“அவர் என்ன சொல்றார்?”

“வண்டி தானா நின்னுச்சுன்னு சொல்லிட்டிருந்தார். இப்ப அதையும் சொல்றதில்ல. ‘தூங்கிட்டேன்னே ஒத்துக்கறேன், விடு, சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது’ங்கறார்.”

அக்கா பாதி விட்ட கொட்டாவியை நிறுத்தினாள். “தூங்காதவன் தூங்கினேன்னு ஒத்துக்கணும்னா, ரொம்பக் களைச்சுப் போயிருக்கணும்.”

“அக்காவுக்குத் தெரியும். களைப்புல டிகிரி வாங்கினவங்க” என்றான் கண்டக்டர்.

“உனக்கு யார் பொய் சொல்றதாத் தோணுது?” என்று அக்கா அவளையே கேட்டாள்.

அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள். “தோணினா இங்க ஏன்கா வர்றேன்?”

* * *

அண்ணனின் லாரி ஷெட் என்றால் தகரக் கூரையும் நாலு கம்பமும். வெயில் மேலே விழுந்து கீழே வெந்துகொண்டிருந்தது. நடுவில் லாரி. பின்பலகை நசுங்கி, ஒரு விளக்கு இல்லாமல், அடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய ஆள்போல நின்றது.

முதலாளி கனமான ஆள். சட்டைக்குள் கழுத்துக் கயிற்றில் ஒரு சாவி தொங்கியது. தங்கை துப்பறிகிறவளைக் கூட்டி வந்ததில் அவருக்கு ஏற்கெனவே வருத்தம்.

“என் குடும்பத்தைப் பத்தி வெளியாள் வந்து சொல்லணுமாம்மா? சரி, வந்துட்டீங்க. பாருங்க. கண்ணால பாருங்க.” கயிற்றை இழுத்துச் சாவியை எடுத்தார். டீசல் டேங்கின் மூடியில் தொங்கிய பூட்டைத் திறந்து, மூடியைக் கழற்றி, ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்து அக்காவிடம் நீட்டினார். “டீசல் இருக்கா? இருக்கு. அன்னிக்கும் இருந்துச்சு.” அடுத்து கேபினுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். ஒரே திருகலில் இஞ்சின் உறுமியது. “ஓடுதா? ஓடுது. அன்னிக்கும் நான் போனதும் இப்படித்தான் ஓடுச்சு. அத்தனை பேர் முன்னாடி. நானா டிரைவர்? இல்லியே! எனக்கு ஓடுற வண்டி அவனுக்கு மட்டும் ஏன் நிக்குது?”

“வண்டிக்கும் முதலாளின்னா பயம் போல” என்றான் கண்டக்டர்.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வயதானவர், இந்த லாரியைப் பார்த்துப் பார்த்து அதைவிட அவருக்கு மூட்டுகள் தேய்ந்திருந்தன. “ஃபில்டர் புதுசு. டேங்க்லேர்ந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப் புதுசு. நடுவுல வர்ற ஹோஸ் புதுசு. எங்கயாவது காத்து வாங்குதான்னு ஒவ்வொரு ஜாயின்ட்டா பார்த்தாச்சு. பழைய வண்டில இனிமே மாத்தணும்னா டிரைவரைத்தான் மாத்தணும்னு முதலாளிகிட்ட நானே சொன்னேன்.”

“இதையெல்லாம் பார்க்கிறதுக்கு முன்னாடி முதல்ல என்ன செய்வீங்க?”

“வேறென்ன? டீசல் இருக்கான்னு மூடியைத் திறந்து பார்ப்பேன். அதுதானேம்மா முதல் வேலை. எந்த மெக்கானிக் வந்தாலும் அதுதான்.”

அக்கா மூடியை வாங்கிப் பார்த்தாள். கையில் கனத்தது. “இது கம்பெனி மூடி இல்லையே?”

முதலாளியின் முகம் முதன்முறையாக மலர்ந்தது. “நானே வெல்டிங் கடையில நின்னு அடிச்சு வாங்கினது. கெட்டித் தகடு. பழைய டயர் டியூபை வெட்டி உள்ள ரப்பர் வளையம் போட்டிருக்கேன். பூட்டினா எறும்பு நுழையாது. டீசல் வாசனைகூட வெளிய வராது.”

“உள்ள இருக்கிறது டீசலா, உங்க உயில் பத்திரமா?”

“சும்மா இரு” என்றாள் அக்கா கண்டக்டரிடம். “சாவி ஒண்ணுதானா?”

“ஒண்ணே ஒண்ணு. இங்க.” நெஞ்சைத் தட்டினார். “வண்டி எங்க நின்னாலும் நான் போய்த் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பேன். உள்ளூர்னா ஒவ்வொரு டிரிப்புக்கும் பார்ப்பேன்.”

“உள்ளூர்ல வண்டி நின்னிருக்கா?”

“இல்ல. அதையும் கவனிங்க. என் கண்ணு முன்னாடி ஒழுங்கா ஓட்டுவான். தூரம் போனாத்தான் தூக்கம் வரும் அவனுக்கு.”

அக்கா குனிந்து டேங்கை ஒரு சுற்றுப் பார்த்தாள். முதுகு பிடித்துக்கொண்டதால் அப்படியே சிறிது நேரம் குனிந்தே இருந்தாள். டேங்கின் வயிற்றில் பெயிண்ட் ஒரு கோடாக வெடித்து, பிறை நிலா போல வளைந்திருந்தது. விரலால் தடவினாள்.

“இடிச்ச தழும்புதான்மா. பழைய வண்டி, எங்கயாவது உரசியிருக்கும்” என்றார் மெக்கானிக்.

“இடிச்சா பள்ளம் இருக்கணும், உரசினா கீறல் இருக்கணும். ரெண்டும் இல்லையே. மடிச்சு விரிச்ச காகிதம் மாதிரி ஒரு கோடு மட்டும் இருக்கு.” நிமிர்ந்தாள். “டிரைவர் எங்க?”

* * *

டிரைவர் ஷெட்டின் பின்புறம், அடுக்கிய டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். தாடி வழிக்கவில்லை. நகத்திலிருந்த கிரீஸை இன்னொரு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழப் பார்த்தான். அவளே ஒரு டயரில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

“தூங்கினேங்க. எழுதிக்கோங்க.”

“எனக்குத்தான் தூக்கம் வருது. நீ கண்ணு முழிச்சிருந்தப்ப என்ன நடந்துச்சுன்னு சொல்லு, கேட்டுட்டே தூங்கறேன்.”

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு, இனி இழக்க எதுவுமில்லாதவனைப்போல், தரையைப் பார்த்துச் சொன்னான். “இழுவை குறையும். ஆக்சிலேட்டரை மிதிச்சா ஏறாது. கொஞ்சம் இருமும். அணைஞ்சிடும். எறங்கிப் போய் ஃபில்டர் பக்கத்துல டீசலை ஏத்துற கைப்பம்பை அடிப்பேன். சாதாரணமா கைப்பம்பை மேல தூக்கினா அப்படியே நிக்கும். அது நிக்காது. கையை விட்டா திரும்ப உள்ள போயிடும். யாரோ உள்ள உட்கார்ந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி. இதைச் சொன்னா சிரிக்கிறாங்க.”

“நான் இன்னும் சிரிக்கல. டோக்கன் போட்டு வெச்சிருக்கேன்” என்றான் கண்டக்டர்.

“அப்புறம்?”

“போன் பண்ணுவேன். முதலாளி வருவார். மூடியைத் திறந்து பார்ப்பார். ‘டீசல் இருக்கே, என்னடா கதை விடறே’ம்பார். சாவி போடுவார். ஓடும். நான் என்னக்கா செய்ய? வண்டிகூட அவர் பக்கம்தான் சாட்சி சொல்லுது.”

“வீட்ல அவரை என்னன்னு கூப்பிடுவே?”

“மச்சான்னு. ஷெட்டுக்கு வந்தா முதலாளி. அவரும் வீட்ல ‘வாங்க மாப்ள’ம்பார். இங்க ‘டேய்’.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றே அவன் நினைத்திருப்பான். “எப்ப நிக்கும்? டீசல் குறைஞ்சா நிக்குதா?”

“அதான்கா பைத்தியக்காரத்தனம். இதைச் சொன்னப்பதான் மெக்கானிக்கே என்னைக் குடிச்சிருக்கியான்னு கேட்டார். பாதி டேங்க்ல கிளம்பினா ரொம்ப தூரம் தாக்குப் பிடிக்கும். ஃபுல் டேங்க் அடிச்சுட்டுக் கிளம்பினாத்தான் சீக்கிரம் நிக்கும்.”

“வயிறு நிறைஞ்சா படுத்துடுது. எங்க மாமனார் மாதிரி” என்றான் கண்டக்டர். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, வாயை அதில் கவ்விக்கொண்டு உறிஞ்சினான். பாட்டில் ‘டக்’கென்று ஒட்டியது. வாயை எடுத்தான். ‘டக்’கென்று நிமிர்ந்தது.

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து அந்தப் பாட்டிலைப் பார்த்தாள்.

“கண்டக்டர், இதுவரைக்கும் எல்லாரும் இந்த வண்டி ஏன் நிக்குதுன்னே தேடினாங்க இல்லையா?”

“வேற என்னத்தைத் தேடறது?”

“ஏன் ஓடுதுன்னு.”

* * *

“லோடு ஏத்துங்க. செங்கல், மணல், எது இருக்கோ அது. டேங்கை வழிய வழிய நிரப்புங்க. நீங்களே உங்க கையால பூட்டுங்க. மேட்டு ரோட்டுக்குப் போறோம். நீங்க உங்க கார்ல பின்னாடியே வாங்க. தங்கச்சியும் வரட்டும்.”

முதலாளி முறைத்தார். “ஓடிடுச்சுன்னா?”

“ஓடிடுச்சுன்னா உங்க மாப்பிள்ளை தூங்கினார்னு நானே விசாரணைக்கு வந்து சொல்றேன்.”

தங்கை சட்டென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். போய்க் காரில் உட்கார்ந்தாள்.

லாரி கேபினில் டிரைவரோடு அக்கா, கண்டக்டர், மெக்கானிக். நாலு பேருக்கு அது போதாது. இஞ்சின் சூடு காலில் ஏறியது. மெக்கானிக் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். சமவெளியில் லாரி பிகு பண்ணாமல் ஓடியது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த டிரைவரின் கையில் நரம்பு புடைத்திருந்தது.

“ஒழுங்காத்தானே போகுது” என்றார் மெக்கானிக்.

“போகட்டும்” என்றாள் அக்கா.

“அக்கா, நிக்கலேன்னா நம்ம கதி?” கண்டக்டர் காதோரம் கேட்டான்.

“நடந்து போய் வேற தொழில் தேடு.”

மேடு தொடங்கியது. கியர் இறங்கியது. சத்தம் கூடியது, வேகம் குறைந்தது. உடைந்த எடைமேடைச் சுவர் தாண்டியது. டிரைவரின் நெற்றி வியர்வை புருவத்தில் வந்து நின்றது. துடைக்கவில்லை. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. லாரி சலிக்காமல் ஏறியது. ஓடுகிற வண்டி ஒரு மனிதனின் பிழைப்பை உருட்டிவிடப் போகிறதே என்று அவள் இதுவரை பயந்ததில்லை.

அப்போது இஞ்சின் இருமியது.

“இதோ” என்றான் டிரைவர் மெதுவாக. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தான். லாரி மூச்சு வாங்கியது, மறுபடி இருமியது, அணைந்தது.

“குதி!” என்றாள் அக்கா.

கண்டக்டரும் மெக்கானிக்கும் குதித்து, ஆளுக்கொரு பக்கம் ஓடி, பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டார்கள். லாரி ஒரு நெளிவு நெளிந்து கட்டையின் மேல் சாய்ந்து நின்றது. பின்னால் வந்த கார் நின்றது. முதலாளி இறங்கி, கழுத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டே, நேராக டேங்கை நோக்கி வந்தார்.

“திறங்க, டீசல் இருக்கான்னு பார்த்துடலாம்” என்றார் மெக்கானிக், பழக்கத்தில்.

“மூடியை யாரும் தொடக் கூடாது!”

அக்கா டேங்குக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி, கொட்டாவியே இல்லாமல் நின்று, கண்டக்டர் பார்த்ததில்லை.

“வண்டி நின்ன பிறகு ஒவ்வொரு தடவையும் முதல் காரியமா இதைத்தான் செஞ்சிருக்கீங்க. ரெண்டு பேருமே. இன்னிக்கு அதைக் கடைசியாச் செய்வோம். கண்டக்டர், டேங்கைத் தடவிப் பாரு.”

கண்டக்டர் குனிந்தான். டேங்கின் வயிறு உள்வாங்கியிருந்தது. பிறை நிலாக் கோட்டின் இருபுறமும் தகரம் மடிந்து, பட்டினி கிடந்தவனின் கன்னம்போல ஒட்டியிருந்தது. “ஷெட்ல பார்த்தப்ப ஒழுங்கா இருந்துச்சே! யார் இடிச்சா? நான் சத்தியமா இல்ல, நான் உள்ள இருந்தேன்.”

“யாரும் இடிக்கல. நீங்க அந்தக் கைப்பம்பைத் தூக்கிப் பாருங்க.”

மெக்கானிக் இஞ்சின் பக்கம் போய்க் கைப்பம்பைத் தூக்கினார். கையை எடுத்தார். அது தானாக உள்ளே போயிற்று. மறுபடி தூக்கினார். மறுபடி போயிற்று. அவர் தன் கையையே பார்த்தார்.

“யாரோ... உள்ள இருந்து இழுக்கிறாங்க” என்றார்.

டிரைவர் கேபினிலிருந்து இறங்கி வந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை.

“இப்ப திறங்க” என்றாள் அக்கா.

முதலாளி பூட்டைத் திறந்தார். மூடியைத் திருகினார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். ‘ஸ்ஸ்ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது, நீண்ட பெருமூச்சு மாதிரி. ‘டொம்’ என்ற சத்தத்தோடு டேங்கின் வயிறு நிமிர்ந்தது. கண்டக்டர் ஓரடி பின்னால் தாவினான்.

“இந்தச் சத்தத்தை முன்னாடி கேட்டிருக்கீங்களா?”

முதலாளி மூடியைத் திருப்பிப் பார்த்தார். “கேட்டிருக்கேன். பழைய தகரம், வெயில்ல அப்படித்தான் கத்தும்னு நினைச்சேன்.”

“நீ போய் ஸ்டார்ட் பண்ணு” என்று அக்கா டிரைவரைப் பார்த்துச் சொன்னாள். அவன் ஏறிச் சாவியைத் திருப்பினான். கொஞ்சம் திணறிவிட்டு இஞ்சின் ஓடியது. முதலாளி தொடாமல், முதலாளி திருப்பாமல், அவன் கையில் ஓடியது.

அக்கா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். “கண்டக்டர், அந்தப் பாட்டிலைக் கவ்விக் குடி.”

“இப்ப தாகம் இல்லைக்கா.”

“குடிடா.”

குடித்தான். பாட்டில் ஒட்டியது.

“தண்ணி வெளிய போனா அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரணும். வழி இல்லேன்னா பாட்டில் ஒட்டும், அப்புறம் தண்ணியும் வராது. டேங்கும் அதுதான். கம்பெனி மூடியில காத்து போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். நீங்க எறும்புகூட நுழையாம கெட்டித் தகட்டுல ரப்பர் போட்டு அடைச்சீங்க. வண்டி டீசலைக் குடிக்கக் குடிக்க, டேங்க் அதைத் திரும்ப உள்ள இழுத்துச்சு. ஃபுல் டேங்க்ல காத்துக்கு இடமே இல்ல, அதனால சீக்கிரம் இறுக்கும். பாதி டேங்க்ல இருக்கிற காத்து கொஞ்ச நேரம் விட்டுக்குடுக்கும். உள்ளூர்ல நீங்க ஒவ்வொரு டிரிப்புக்கும் திறந்தீங்க, அதனால நிக்கல. நின்ன வண்டிக்குக் கடவுள் மாதிரி சாவியோட வந்தீங்க, திறந்தீங்க, ஓடுச்சு.”

“கைரேகையைத் துணியால துடைச்சுட்டு, அப்புறம் பூதக்கண்ணாடியோட தேடியிருக்கோம்” என்றான் கண்டக்டர். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆக, யாரும் பொய் சொல்லல” என்றாள் அக்கா, காரின் பக்கம் பார்த்து. “உங்க அண்ணன் பார்த்ததும் நிஜம். உங்க வீட்டுக்காரர் சொன்னதும் நிஜம்.”

தங்கை காரிலிருந்து இறங்கி வந்து நின்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. டிரைவர் கேபினை விட்டு இறங்கி, பானெட்டில் கையை வைத்து, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டிக்கொண்டிருந்தான். பல நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் ஏதோ இளகியது.

“நாளைக்கு விசாரணையில நானே வந்து சொல்றேன்” என்றார் முதலாளி. மூடி இன்னும் அவர் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “வெளித்திருடனுக்காகத்தான் போட்டேன்மா. லாரி நிக்கிற இடத்துலயெல்லாம் டீசல் உறிஞ்சறவங்க இருக்காங்க.”

வெளித்திருடனுக்கான பூட்டு என்றால் சாவி டிரைவரிடம் அல்லவா இருக்க வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. வழக்கு முடிந்தது. வீட்டுக்குப் போய்க் காலை நீட்ட வேண்டும். சில கதவுகளைத் திறக்காமல் விட்டால்தான் ஒரு குடும்பம் ஓடும்.

ஆனால் கண்டக்டரின் வாய் அவளுடையது அல்லவே.

“அதெல்லாம் சரிங்க. இத்தனை வருஷம் இல்லாத பூட்டு இப்ப திடீர்னு எங்கேருந்து முளைச்சுது? யாராவது கனவுல வந்து சொன்னாங்களா?”

அக்கா அவன் காலை மிதித்தாள். மிதிப்பதற்குள் கேள்வி போய்விட்டது.

முதலாளி தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தாள்.

“நீயே சொல்லிடும்மா.”

“அண்ணா, வேண்டாம்.”

“வேண்டாம்னா? இவ்வளவும் என் தலையில விழட்டும்னு நிக்கிறியா? வீட்ல ஒரு கேன் டீசல் இருக்கு, எங்கேருந்து வருதுன்னே தெரியல, டேங்குக்கு ஒரு பூட்டு போட்டுடுங்கன்னு எங்கிட்ட வந்து நின்னது யாரு? எனக்கு என்ன, மாப்பிள்ளையைச் சந்தேகப்படணும்னு வேண்டுதலா?”

தட்டிக்கொண்டிருந்த டிரைவரின் கை பானெட்டில் அப்படியே நின்றது.

“எந்தக் கேன்?” என்றார் மெக்கானிக் குழப்பத்தோடு. “மூடி உடைஞ்ச வெள்ளைக் கேனா? அது நான் குடுத்ததும்மா. ஃபில்டர் கழற்றும்போது வடியற அழுக்கு டீசல். ஸ்பேனர் கழுவ ஆகும்னு கேட்டு வாங்கிட்டுப் போனார். அதை வித்தா வாங்கறவன் அடிப்பான்.”

தங்கை கணவன் பக்கம் ஓரடி வந்தாள். “என்னங்க, சந்தேகப்பட்டுச் சொல்லலங்க. நாளைக்கு அண்ணன் கண்ணுல பட்டு ஒரு பேச்சு வந்துடக் கூடாதேன்னுதான். பூட்டு இருந்தா உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு... உங்ககிட்டயே கேட்டிருக்கணும். கேட்டிருக்கணுங்க. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல.”

டிரைவர் பானெட்டிலிருந்து கையை எடுத்தான். அவளை நீண்ட நேரம் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் முகத்தில் இருந்தது தூக்கம். உண்மையான, எலும்பு வரை இறங்கிய தூக்கம்.

அவன் கேபினில் ஏறினான். வண்டியை எடுக்கப் போகிறான் என்று நினைத்து கண்டக்டர் கட்டையை எடுக்கக் குனிந்தான். டிரைவரோ, சீட்டின் பின்னால் தொங்கிய சட்டையை எடுத்துத் தோளில் போட்டான். இறங்கினான். செருப்பை மாட்டினான்.

“மாப்ள... இருங்க மாப்ள” என்றார் முதலாளி.

அவன் அவரைத் தாண்டினான். அவளையும் தாண்டினான். அவள் நீட்டிய கை சட்டையின் நுனியைத் தொட்டு நழுவியது.

வீடு மேட்டுக்குக் கீழே இருந்தது. அவன் மேட்டில் மேல்நோக்கி நடந்தான்.